நுருநுருவும் நுரையும் ஒன்றல்ல

ஜப்பானிய 'நுருநுரு' நம்ம 'நுரை'யிலிருந்து போனது, நுரைத்துக்கொண்டிருப்பது என்று பொருள் என ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது. நுரைக்கு அங்கே 'அவா' என்று தனிச்சொல் உண்டு. குமிழி கிளம்புவதற்கு 'புகுபுகு'.

நுருநுரு என்பது ஈரமான வழுக்கல். உயிருள்ள விலாங்கு மீனைக் கையில் பிடித்தால் விரலிடுக்கில் நழுவுமே, அந்தக் கொழகொழப்பு. பாசி படிந்த குளியலறைத் தரையைச் சொன்னால் அருவருப்பு. சில காரத்தன்மையுள்ள வெந்நீர் ஊற்றுகளில் தோல் வழுக்குவதைச் சொன்னால் பாராட்டு. சொல் ஒன்றுதான், இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். காய்ந்த வழவழப்புக்கு, உதாரணமாகப் பளபளக்கும் மொட்டைத் தலைக்கு, இதைச் சொல்ல மாட்டார்கள். அது 'ட்சுருட்சுரு'.

அப்புறம் அசைவு. வீடியோ கேமிலோ அனிமேஷனிலோ உருவங்கள் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடினால் 'நுருநுரு உகொகு' என்பார்கள். உகொகு என்றால் அசைவது. தொட்டறியும் சொல் கண்ணுக்கு மாறும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழோடு ஒப்பிட வேண்டுமா? நாம் 'வழவழவென்று' என்கிறோம். அவர்களும் 'நுருநுரு தொ' என்பதுண்டு. 'என்று சொன்னான்' என்பதில் வரும் 'என்று' போல, அந்தத் 'தொ'வும் பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் இடைச்சொல்தான்.