சைக்கிளில் போகிறவர் தலையில் ஹெல்மெட் இல்லை என்று அபராதம் போடாதீர்கள்

சைக்கிளில் போன ஒருவர் வண்டி மோதி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், அதன் கீழே வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" மோதிய வண்டி என்ன வேகத்தில் வந்தது, ஓட்டியவர் கையில் போன் இருந்ததா, அந்தச் சாலையில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் இடமாவது ஒதுக்கியிருந்தார்களா என்று கேட்பவர்கள் வெகு குறைவு. அப்புறம் கொஞ்ச நாளில் ஒரு கோரிக்கை கிளம்பிவிடுகிறது. சைக்கிளுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கு, போடாதவரிடம் அபராதம் வாங்கு.

இந்தக் கோரிக்கையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஹெல்மெட்டின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. நானே போடுகிறேன். வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாட்டி, வாரைச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன். நீங்களும் போடுங்கள். போடுவது நல்லது என்பது ஒரு விஷயம். போடாதவரை நிறுத்தித் தண்டிப்பது வேறு விஷயம். முன்னதை ஒப்புக்கொண்டால் பின்னதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

ஹெல்மெட்டைக் கையில் எடுத்து உள்பக்கம் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இருப்பது தெர்மோகோல்தான், இன்னும் அடர்த்தியாக வார்த்தது. தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்கும். அப்படி நசுங்குவதால், மண்டை நின்றுபோக எடுக்கும் நேரம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி கூடுகிறது. அந்தச் சிறு பகுதியில்தான் காப்பாற்றும் வேலை முழுவதும் நடக்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்கு வராது. அதனால்தான் பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078 சோதனையில், தலை போன்ற ஓர் உருவத்துக்கு ஹெல்மெட்டை மாட்டி, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழச் செய்வார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளிலிருந்து தடுமாறிக் கீழே விழுகிறவரின் தலை தரையில் மோதும் வேகம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்கு அந்த நுரை நன்றாகவே வேலை செய்கிறது. 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள், விபத்தில் சிக்கியவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைவு என்றன. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் காருக்கோ, திருப்பத்தில் உள்ளே ஒடிக்கிற லாரியின் பின்சக்கரத்துக்கோ அந்தச் சோதனை நடப்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வுகள் எல்லாம் ஏற்கெனவே விபத்தில் சிக்கியவர்களைப் பற்றியவை. சட்டம் போட்டால் ஊர் முழுக்க என்ன ஆகும், யார் சைக்கிளை எடுப்பார், யார் விட்டுவிடுவார் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் கிடையாது. அந்தப் பதில் வேண்டுமென்றால் சட்டம் போட்டுப் பார்த்த நாடுகளைத்தான் கேட்க வேண்டும்.

உலகிலேயே முதலில் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1. மற்ற மாநிலங்களும் இரண்டே ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. நியூசிலாந்து 1994இல். சட்டம் வந்த பிறகு ஹெல்மெட் போடுகிறவர்களின் விகிதம் மளமளவென்று ஏறியது உண்மை. அரசு அதைத்தான் வெற்றியாகக் காட்டியது. ஆனால் சட்டத்துக்கு முன்னும் பின்னும் அதே இடங்களில் நின்று சைக்கிள்களை எண்ணிய கணக்கெடுப்புகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. மெல்போர்னில் அதிகம் காணாமல் போனவர்கள் பதின்வயதினர். புதிதாக ஹெல்மெட் போட ஆரம்பித்த பதின்வயதினரைவிட, சைக்கிளே வேண்டாம் என்று விட்டவர்கள் பல மடங்கு அதிகம். பாதிப்பேர் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டால், மிச்சம் இருப்பவர்களில் ஹெல்மெட் போட்டவர்களின் சதவீதம் ஏறத்தான் செய்யும். தலைக்காயமும் குறையத்தான் செய்யும். சைக்கிள் ஓட்டாதவர் சைக்கிளிலிருந்து விழமாட்டார் அல்லவா. இதைப் பாதுகாப்பு என்று கணக்கு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? அப்பாவின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் இன்னொரு கார் கூடியது. உடம்பு வேர்க்க மிதித்துப் போய்வந்த ஒரு பழக்கம் ஒரு தலைமுறையிடமிருந்து பிடுங்கப்பட்டது. இதய நோய், சர்க்கரை நோய் என்று பின்னால் வரும் செலவை அபராத ரசீதுப் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை.

இத்தனைக்கும் பிறகு அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்களா என்றால், இல்லை. 2016 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் அரசு இந்த அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலராக ஒரே தாவலில் உயர்த்தியது. நான்கு மடங்குக்கும் மேல். பிறர் மேல் மோதக்கூடிய குற்றத்துக்கு இல்லை. தன் தலையைத் தவிர வேறு எவர் தலைக்கும் ஆபத்தில்லாத ஒரு செயலுக்கு. அதே நாட்டில் வடக்குப் பிரதேசத்தில், பெரியவர்கள் நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட 1994 முதல் அனுமதி இருக்கிறது. ஒரே நாடு, ஒரே சைக்கிள், எல்லையைத் தாண்டினால் குற்றம்.

வாடகை சைக்கிள் விஷயத்தைப் பார்த்தால் இந்தச் சட்டம் எங்கே இடிக்கிறது என்பது தெளிவாகப் புரியும். ரயிலிலிருந்து இறங்குகிறீர்கள், போக வேண்டிய இடம் இரண்டு கிலோமீட்டர். ஸ்டாண்டில் சைக்கிள் இருக்கிறது, எடுத்தால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். ஹெல்மெட் மட்டும் வீட்டில். அங்கேயே தொங்கினாலும், முன்பின் தெரியாத நாலு பேரின் வியர்வை ஊறிய வாரைத் தாடையில் மாட்ட மனசு வருவதில்லை. டாக்ஸி பிடித்துவிடுகிறீர்கள். மெல்போர்ன் 2010இல் வாடகை சைக்கிள் திட்டம் தொடங்கியது. 5 டாலருக்கு ஹெல்மெட் விற்கும் இயந்திரங்கள்கூட வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவே இல்லை, 2019இல் மூடிவிட்டார்கள். மெக்சிகோ நகரம் இதை முன்கூட்டியே யோசித்தது. 2010இல் தன் வாடகை சைக்கிள் திட்டத்தைத் தொடங்கும் முன், கட்டாய ஹெல்மெட் விதியை எடுத்துவிட்டது. இஸ்ரேல் 2007இல் கொண்டுவந்த சட்டத்தை, நகரத்துக்குள் ஓட்டும் பெரியவர்களுக்கு மட்டும் 2011இல் விலக்கிக்கொண்டது.

எனக்கு இதிலெல்லாம் பெரிய கவலை, அபராதம் யார் மேல் விழுகிறது என்பதுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டி என்ற மாவட்டத்தில் 1993 முதல் இந்தச் சட்டம் இருந்தது; சியாட்டில் நகரத்துக்குள் 2003இல் வந்தது. அபராதம் பேருக்கு 30 டாலர். நீதிமன்றச் செலவெல்லாம் சேர்ந்தால் 150 டாலரைத் தாண்டும். யாருக்கெல்லாம் ரசீது கொடுத்தார்கள் என்று சைக்கிள் ஆர்வலர்களும் பத்திரிகையாளர்களும் தோண்டிப் பார்த்தார்கள். அந்த நகரத்தில் கறுப்பினத்தவர் சைக்கிள் ஓட்டும் அளவோடு ஒப்பிட்டால், அவர்களுக்கு வெள்ளையரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ரசீது போயிருந்தது. பின்னாட்களில் கொடுத்த ரசீதுகளில் கிட்டத்தட்டப் பாதி, வீடில்லாமல் தெருவில் வாழ்கிறவர்களுக்கு. கடைசியில் 2022 பிப்ரவரியில் அந்தக் கவுண்டியின் சுகாதார வாரியமே அந்தச் சட்டத்தை நீக்கியது. ஹெல்மெட் போடுங்கள் என்று சொல்வதை அவர்கள் நிறுத்தவில்லை. தண்டிப்பதைத்தான் நிறுத்தினார்கள்.

இது எங்கோ ஒரு நகரத்தின் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். போலீஸ்காரர் ஒருவரைச் சாலையோரம் நிறுத்துவதற்குச் சட்டம் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தால், அந்தக் காரணம் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. பளபளக்கும் விலை உயர்ந்த சைக்கிளில் வார இறுதிப் பயிற்சிக்குப் போகிறவரிடம் ஹெல்மெட் ஏற்கெனவே இருக்கிறது. சிக்குகிறவர், கைப்பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு இரவு வேலை முடிந்து திரும்புகிறவர். பஸ்ஸுக்குக் காசில்லாமல் சைக்கிள் வைத்திருக்கிறவர். அவரை நிறுத்துவார்கள், பெயர் கேட்பார்கள், பையைத் திறக்கச் சொல்வார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் வேறு குற்றமும் சேரும். கட்ட முடியாத அபராதம் தாமதக் கட்டணத்தோடு ஏறும். வாழ்வில் யாருக்கும் தீங்கு செய்யாத வண்டி ஒன்று உண்டென்றால் அது அவர் வைத்திருப்பதுதான், அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம்.

"மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயம் இல்லையா? காரில் சீட் பெல்ட் கட்டாயம் இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மோட்டார் சைக்கிள் 80இல் போகும், லைசென்ஸ் வேண்டும், மோதினால் பிறரையும் கொல்லும். அதற்கான ஹெல்மெட்டும் வேறு கனம், வேறு சோதனை. சீட் பெல்ட் காரிலேயே இருக்கிறது; அதைப் போடச் சொன்னதற்காகக் காரை விற்றவர் யாரும் இல்லை. சைக்கிளோ, சின்னத் தடை வந்தாலும் மனிதர்கள் கைவிடுகிற வாகனம். அது நடைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. படியில் தவறி விழுந்தும் மண்டை உடைகிறது, கார் விபத்திலும் உடைகிறது. நடக்கிறவருக்கும் காரில் போகிறவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க யாரும் மனு எழுதுவதில்லை.

நெதர்லாந்தில் சாதாரணமாகச் சைக்கிளில் போகிறவர்கள் அநேகமாக ஹெல்மெட் போடுவதே இல்லை. ஆனால் ஓட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் உலகில் சைக்கிள் ஓட்ட மிகப் பாதுகாப்பான நாடுகளில் அது ஒன்று. அது பிறவியிலேயே அப்படி இருந்த நாடு இல்லை. 1971இல் அங்கே சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரில் இயக்கம் நடத்தித் தெருவில் இறங்கினார்கள். குழந்தைகளின் தலையில் எதையாவது மாட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கார்களின் வேகத்தைக் குறையுங்கள், தனிப்பாதை போடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. கனடாவில் சில மாகாணங்களில் ஹெல்மெட் சட்டம் உண்டு, சிலவற்றில் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வு, காயம்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்வோரின் விகிதத்துக்கும் சட்டத்துக்கும் தொடர்பு காணவில்லை. சைக்கிள் ஓட்டுவோர் அதிகம் உள்ள இடங்களில்தான் அந்த விகிதம் குறைந்திருந்தது. சைக்கிள் ஓட்டுவோரின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஒவ்வொருவரின் ஆபத்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2003லேயே இன்னோர் ஆய்வு சொன்னது. சாலையில் சைக்கிள் நிறைந்திருந்தால் டிரைவரின் கண் அதற்குப் பழகிவிடும். ஆளை விரட்டும் சட்டம் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே விரட்டுகிறது.

சட்டம் வந்தால் பழி இடம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற காரின் கதவை ஓட்டுநர் பார்க்காமல் திறந்தார். அந்தப் பெண் அதில் மோதி விழுந்தார், தலையில் கடும் காயம். ஹெல்மெட் போடாததால் 20 சதவீதப் பொறுப்பு அவருடையதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நட்டஈட்டைக் குறைத்தது. 2014 ஜூனில் அந்நாட்டின் உச்ச கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்து, முழு நட்டஈடும் கொடுக்க வேண்டும் என்றது. அங்கே கட்டாயச் சட்டம் இல்லை என்பதும் அவருக்குத் துணை நின்றது. கட்டாயம் இருந்திருந்தால் கதவைத் திறந்தவரின் வக்கீலுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

ஜப்பான் 2023 ஏப்ரலில் எல்லா வயதினரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. தண்டனை எதுவும் வைக்கவில்லை. அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அப்படிச் சொல்லட்டும். வாங்க முடியாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கட்டும்; எப்படி மாட்டுவது என்று பள்ளிக்கூடத்தில் காட்டிக்கொடுக்கட்டும். ஸ்பெயின் 2021இல் நகரங்களில் பக்கத்துக்கு ஒரு தடம் மட்டும் உள்ள சாலைகளில் வேக வரம்பை 30 கிலோமீட்டராக இறக்கியது. அது காரில் போகிறவரிடம் கேட்கிற பொறுப்பு. ஆபத்தைக் கொண்டுவருகிறவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

கட்டாய ஹெல்மெட் கேட்கும் மனுவை எனக்கு அனுப்பிக் கையெழுத்துக் கேட்ட நண்பர்களுக்கு: உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் அதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேக வரம்பைக் குறைக்கச் சொல்லியும், தடுப்புக் கட்டையோடு தனிப்பாதை போடச் சொல்லியும் ஒரு மனு எழுதுங்கள். கையெழுத்தும் போடுகிறேன், வீடு வீடாக எடுத்துக்கொண்டு போகவும் வருகிறேன்.