வண்ணமும் மனதும் மோனைதான்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனின் தமிழ்த் தேர்வுத்தாளைப் பார்த்தேன். நாலாம் வகுப்பு. பாரதியின் பாப்பா பாட்டிலிருந்து ‘வண்ணப் பறவைகளைக் கண்டு – நீ மனதில் மகிழ்ச்சி கொள்ளு பாப்பா’ என்பதைக் கொடுத்து மோனையை, அதாவது முதல் எழுத்து ஒன்றி வரும் சொற்களை, எடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவன் ‘வண்ண – மனதில்’ என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் ‘மனதில் – மகிழ்ச்சி’ என்று திருத்தியிருக்கிறது. ஏன்டா அப்படி எழுதினே என்று கேட்டேன். “சொல்லிப் பாத்தா ஒண்ணு மாதிரி இருந்துச்சு அத்தை” என்றான்.

அவன் சொன்னது சரி. திருத்தியவர் எழுதியதும் மோனைதான், மறுக்கவில்லை. ஆனால் வ-வுக்கு ம மோனையாக வரும், ச-வுக்குத் த வரும், ஞ-வுக்கு ந வரும் என்பது யாப்பிலக்கணத்திலேயே இருக்கிறது. உயிரிலும் அப்படித்தான், அ ஆ ஐ ஔ ஒரு கூட்டம், இ ஈ எ ஏ ஒரு கூட்டம், உ ஊ ஒ ஓ ஒரு கூட்டம். அந்த வரியின் இரண்டு பாதியையும் கட்டி நிறுத்துவதே வண்ணமும் மனதும்தான். அதைக் காதால் பிடித்த பிள்ளைக்கு மதிப்பெண் போய்விட்டது.

நானும் தொடக்கப்பள்ளியில் பன்னிரண்டு வருடமாகத் தமிழ் எடுக்கிறேன். ‘முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, அடிக்கோடிடச் சொல்லித்தான் தொடங்கினேன். பிள்ளைகள் எழுத்தைத் தேடினார்கள், பாட்டைக் கேட்கவே இல்லை. வாய்விட்டுப் படிக்காமலேயே பத்து மதிப்பெண் வாங்கலாம் என்றால் அது என்ன பாட்டு வகுப்பு?

இப்போது முதல் நான்கு நாள் மோனை என்ற சொல்லையே எடுப்பதில்லை. பாப்பா பாட்டைக் கை தட்டிப் பாடுவதுதான் வேலை. ஒவ்வொரு பாதியின் முதல் சொல்லில் மட்டும் ஓங்கித் தட்ட வேண்டும். ‘ஓடி’ என்று ஒரு தட்டு, ‘ஓய்ந்திருக்க’ என்று ஒரு தட்டு. ‘கூடி’, அப்புறம் ‘குழந்தையை’. ‘சின்னஞ்சிறு குருவி’, அப்புறம் ‘திரிந்து’. இடையில் வரும் ‘நீ’, ‘ஒரு’ எல்லாவற்றையும் மெல்லச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்த ஒரே பாட்டில் ச-த, வ-ம, எ-இ எல்லாம் கிடைக்கிறது, வேறு பாட்டைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. ம சொல்லும்போது இரண்டு உதடும் சேருகிறது, வ சொல்லும்போது கீழுதடு மேல்பல்லைத் தொடுகிறது என்பதைப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதுகையோடு குழம்புவது தனிச் சிக்கல். வீட்டில் எல்லாரும் ‘எதுகை மோனையாப் பேசுறான்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், பிள்ளைக்கு எப்படிப் பிரியும்? அதற்குப் பேச்சில் இருக்கும் இரட்டைச் சொற்கள் உதவுகின்றன. மூட்டை முடிச்சு, தோட்டம் துரவு, சீரும் சிறப்பும் மோனைக்கு; அக்கம் பக்கம், பட்டி தொட்டி எதுகைக்கு. வீட்டுப் பெரியவர்களிடம் பழமொழி கேட்டு வரச் சொன்னால் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ கட்டாயம் வந்துவிடும். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ வந்தால் எனக்குக் கொண்டாட்டம், அகமும் அழகும் மோனை, அகமும் முகமும் எதுகை.

இணை, பொழிப்பு, ஒரூஉ என்று மோனையின் ஏழு வகையையும் இந்த வயதில் திணிக்காதீர்கள். அது பிறகு வரட்டும்.

வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான், விடைக்குறிப்பில் வ-ம, ச-த போன்ற இன எழுத்து மோனையையும் சேர்த்து எழுதிவிடுங்கள். நேற்று அந்தப் பையனிடம் ச-வுக்குத் த வரும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப ‘தாத்தா தச்ச சட்டை’ முழுக்க மோனையா அத்தை?” என்றான்.