சிரித்தவர்களுக்காக

அரசுத் துறைச் செயலாளர்களாக ஐஏஎஸ் அதிகாரிகளுக்குப் பதில் துறை நிபுணர்களைப் போடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது நடந்தது நம் தெரு ஆட்களுக்குத் தெரியும். "நீ சொல்ற ஆளுகளையெல்லாம் செயலாளராப் போட்டா கோப்பெல்லாம் யாருப்பா பாக்குறது?" என்று கேட்டுவிட்டு ஓய்வு பெற்ற அண்ணன் சிரித்தார். கூடவே நாலு பேர். சரி, சிரியுங்கள்.

நான் சொன்னது ஒன்றுதான். துறை தெரிந்தவரிடம் துறையைக் கொடுங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அந்த மனிதரிடம் சுகாதாரத் துறையை ஒரு பத்து வருடம் ஒப்படைத்திருந்தால்? தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பூசி ரோடு போட்டுக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தோம், கைதட்டினோம். நெடுஞ்சாலைத் துறையைக் கொடுத்தால் என்னவாம்?

நடக்காத காரியமும் இல்லை. மன்மோகன் சிங் 1976-ல் நிதித் துறைச் செயலாளர். எம்.எஸ். சுவாமிநாதன் 1979-ல் வேளாண் துறைச் செயலாளர். இருவரும் ஐஏஎஸ் இல்லை. கோப்பெல்லாம் நடுத்தெருவிலா கிடந்தது?

இட ஒதுக்கீடு என்னாகும் என்பீர்கள். நியாயம்தான். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு வெளி நிபுணர்களை நேரடியாக எடுக்க, ஒதுக்கீடு இல்லாமல் 45 பதவிக்கு விளம்பரம் கொடுத்து, மூன்றே நாளில் வாபஸ் வாங்கியது அதனால்தான். ஒதுக்கீட்டோடு எடுங்கள், முடிந்தது. கம்பெனிக்காரன் வந்து கம்பெனிக்கே வேலை பார்ப்பான் என்கிறார் இன்னொருவர். நான் எந்தக் கம்பெனிக்காரனைச் சொன்னேன்? உள்ளே இருப்பவர்கள் யாருக்கு வேலை பார்க்கிறார்கள் என்று நான் வாயைத் திறக்கவா? வேண்டாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அப்பா மேலூர்ப் பக்கம் கண்மாயில் நீர்பாய்ச்சி, அதாவது மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர். மடையைப் புதிதாகக் கட்டினார்கள். பழைய மட்டத்தைவிட ஒரு சாண் உயரம். அப்பா உள்ளே இறங்கி, காலை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், கடைசித் தண்ணி வெளியேறாது, கடைமடை காயும்" என்றார். "வரைபடத்துல சரியா இருக்கு பெரியவரே, ஏறுங்க" என்று பதில். காய்ந்தது. அதன் பிறகு அப்பா எந்த அதிகாரியிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் பதவி உயர்வோடு ஓய்வு பெற்றார்.

நீர்வளத் துறைக்கு யாரைப் போடுவாய் என்று கேட்டீர்களே. அன்றைக்கு ஒரு ஐஐடி பேராசிரியரைச் சொன்னேன். இப்போது சேர்த்துச் சொல்கிறேன், அவர் பக்கத்தில் இரண்டு நீர்பாய்ச்சிகளுக்கும் நாற்காலி போடுங்கள். சம்பளத்தோடு.