தையல் மெஷின்ல ஆரம்பிச்ச ஓப்பல்

ஜெர்மன் கார் கம்பெனி ஓப்பலோட கதை 1899ல கார்லதான் ஆரம்பிக்குதுன்னு சொல்றவங்க உண்டு, ஆனா அதுக்கு முன்னாடியே பெரிய கதை இருக்குங்க. ஆடம் ஓப்பல் 1862ல ஜெர்மனில ரூஸல்ஸ்ஹைம்ங்கற ஊர்ல ஆரம்பிச்சது தையல் மெஷின், அப்புறம் 1886ல சைக்கிள், அவரு 1895ல இறந்துட்டாரு, கார் செய்யற தொழில்ல இறங்குனது அவரு மனைவி சோஃபியும் அஞ்சு பசங்களும்தான், அந்தம்மா பேரு எங்கயுமே வர்றதில்லைங்கறது எனக்கு ரொம்ப வருத்தம். 1924ல பச்சை கலர்ல வந்த குட்டி கார், ஜனங்க அதுக்கு மரத்தவளைன்னே பேரு வச்சாங்க, ஜெர்மனில அசெம்பிளி லைன்ல கார் செஞ்சது அப்பதான் முதல் தடவை. 1929ல ஓப்பல் கம்பெனி அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போச்சு, 2017ல பிரான்ஸ் கம்பெனி பிஎஸ்ஏ வாங்கிடுச்சு.

எங்க அப்பா 2001ல ஓப்பல் கோர்சா கார் வாங்குனாரு, பெட்ரோல். கதவு சாத்துனா டப்புனு ஒரு கனமான சத்தம் வரும் பாருங்க, அந்த விலைல வந்த மத்த வண்டில அது கிடையாது. திருச்சி ரோட்டுல நூறுல போனாலும் ஸ்டியரிங் ஆடாம அப்படியே புடிச்சு நிக்கும், பின்னாடி சீட்ல மட்டும் கால் நீட்ட இடம் கம்மி. 2006ல இந்தியால ஓப்பல் பேரையே நிறுத்துனப்போ அப்பா ரெண்டு நாள் அதைப் பத்தியே பேசிட்டு இருந்தாரு.