அந்த அம்மா கேட்டதில் என்ன பகிடி?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். இன்று காலை தொலைபேசியைத் திறந்தால் மறுபடியும் அதே காணொளி. இந்த முறை பின்னணி இசையும் சேர்த்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய கூட்டத்தில் ஓர் அம்மா எழும்பிக் கேள்வி கேட்க, மண்டபமே சிரிக்கும் காணொளி. உங்களில் பலர் பகிர்ந்ததைப் பார்த்தேன், பெயர் சொல்லவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன். கடைசியிலிருந்து நான்காவது வரிசை, மின்விசிறி சுற்றாத பக்கம். பேச வந்தவர் கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு உலகத்தின் 40 சதவீத வேலைகளைத் தொடும் என்று சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் சொன்னதைத் திரையில் போட்டுக் காட்டினார். (தொடும் என்றுதான் அறிக்கை சொல்கிறது, போய்விடும் என்று இல்லை. திரையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.) பிறகு, வேலை போனாலும் பயப்பட வேண்டாம், இனி யாருக்கு உதவிப் பணம் என்பதையும் கணினியே தீர்மானிக்கும், விதானைக்கும் (கிராம அலுவலருக்கும்) இலிகிதருக்கும் பின்னால் அலையத் தேவையில்லை, பிழையே வராது என்றார். அப்போதுதான் அந்த அம்மா எழும்பினார்.

"தம்பி, அது பிழை விட்டால் அந்த மெஷினிடம் போய் அழலாமா?"

மண்டபம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டு, "அழத் தேவையில்லை அம்மா, செயலியிலேயே முறைப்பாடு செய்யலாம்" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காணொளியில் இந்த இடம் வெட்டப்பட்டிருக்கிறது.

இரண்டு மணித்தியாலக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. பிழை விட்டால் யாரிடம் போவது? இதைத்தான் அவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியாதவர்கள் சிரித்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் உறவினர் இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் குறைவு. அவர்களிடம் 'ரோபோடெட்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். உதவிப் பணம் வாங்கியவர்களில் யார் கூடுதலாக வாங்கினார்கள் என்று கண்டுபிடிக்க அந்த நாட்டு அரசு ஒரு தானியங்கி முறையை வைத்தது. அது செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒருவர் வரித் திணைக்களத்துக்குக் காட்டிய ஆண்டு வருமானத்தை 26 ஆல் வகுத்தது, இரண்டு கிழமைக்கு ஒரு பங்கு. ஆறு மாதம் உழைத்துவிட்டு, வேலையில்லாத மற்ற ஆறு மாதத்துக்கு மட்டும் உதவி வாங்கியவன், கணினியின் கண்ணில் ஆண்டு முழுவதும் உழைத்தவன் ஆகிவிட்டான். இல்லாத கடனைக் கட்டு என்று கடிதம் போனது. கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவனும் அவனேதான், பழைய சம்பளச் சிட்டைகளைத் தேடி எடுத்து. அப்படி நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2023 ஜூலையில் வந்த விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, அந்த முறையில் நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்றது. இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூடத் தேவைப்படவில்லை. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கே போதுமாக இருந்தது.

நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்பு உதவி வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர் ஆக்கினார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஆபத்துப் புள்ளியைக் கூட்டிப் போட்ட கணினி முறைக்கும் அதில் பங்கு இருந்தது. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. பணமும் படிப்பும் வழக்கறிஞரும் உள்ள நாடுகளில் இந்தக் கதி.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 2023 ஜூலையில் இலங்கை அரசின் உதவிப் பணத் திட்டமான அஸ்வெசும தொடங்கியபோது, 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டார்கள். புள்ளியைப் பொறுத்து 2,500 முதல் 15,000 ரூபாய் வரை நான்கு படிகள். முதல் பட்டியல் வந்ததும் ஏறத்தாழ பத்து இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. பத்து இலட்சம் குடும்பமும் பகிடிக்கா மேன்முறையீடு எழுதியது?

என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். இது வேறோர் உதவிப் பட்டியல். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அவர் இன்னும் அங்கே போய் நிற்க வேண்டியவர். பெரியம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். பக்கத்துக் காணியில் வீடு கட்டியவர்கள் நான்கு மாதம் வேலிக்கு மேலால் வயர் இழுத்து, அவருடைய மின்மானியிலிருந்து தண்ணீர் மோட்டாரும் கல் வெட்டும் மெஷினும் ஓட்டினார்கள். காசைச் சரியாகக் கொடுத்துவிட்டார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் மின்பட்டியல் ஏறியது ஏறியதுதான். மின்சாரம் கூடச் செலவழிப்பவர் வசதியானவர் என்று கணினி எண்ணியிருக்க வேண்டும், உதவிப் பட்டியலில் பெரியம்மாவின் பெயர் இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பொலித்தீன் பையிலிருந்து பெரியப்பாவின் மரணச் சான்றிதழ் முதல் தண்ணீர்ப் பட்டியல் வரை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை எதையும் தொடவில்லை. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இங்கே பாருங்கள் அம்மா, இதில் இப்படித்தான் இருக்கிறது, எங்களால் மாற்ற முடியாது" என்றது. பெரியம்மா மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. திரையைப் பார்த்து, எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

இதே பெரியம்மா 1995 ஒக்டோபர் போர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்து போனவர். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார்கள். நிவாரணப் பதிவுக்கு வந்த விதானையார், பெரியம்மாவையும் அவருடைய மாமியாரையும் ஒரே குடும்பமாகத் தன் சீ.ஆர். கொப்பியில் எழுதிவிட்டார். ஒரே அட்டை, ஒரே பங்கு அரிசி. பெரியம்மா விடவில்லை. முதல் நாள் கெஞ்சினார், இரண்டாம் நாள் சண்டை பிடித்தார், மூன்றாம் நாள் மாமியாரையே கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் மாமரத்தடியில் விதானையாருக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். மனிதர் கிழவியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பேனையை எடுத்து அந்த வரியை வெட்டிக் கீழே இரண்டாக எழுதினார். வெட்டி எழுதக்கூடிய கொப்பி அது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இப்போது வருவீர்கள் என்று தெரியும். விதானைமார் எல்லோரும் உத்தமர்களா, ஆள் பார்த்து, கட்சி பார்த்துக் கொடுக்கவில்லையா, முந்திய உதவித் திட்டமான சமுர்த்தியின் பட்டியலில் மாடிவீட்டுக்காரர் இருக்கவில்லையா? இருந்தார்கள். சாதி பார்த்துப் பெயரை விட்ட கதைகளும் இந்த மண்ணில் உண்டு, அதை மறைக்க நான் ஆள் இல்லை. ஆனால் அந்த ஆளுக்கு ஒரு முகம் இருந்தது. வீட்டுப் படலையில் போய் நின்று கேட்கலாம், பத்திரிகைக்கு எழுதலாம், மேலே முறையிடலாம். இது முழுப் பதில் இல்லை என்று சொல்வீர்கள். சரி, முழுப் பதில் இல்லை. ஆனால் அநியாயம் செய்த மனிதனுக்குப் பதிலாக அநியாயத்தை ஒத்துக்கொள்ளாத பெட்டியை வைப்பதும் பதில் இல்லை.

இன்னொரு கூட்டம், "உமக்கு வேலை போகும் என்ற பயம், அதுதான் புலம்புகிறீர்" என்று எழுதும். போகும் என்ற பயம் எனக்கு இல்லை. போய்விட்டது. பத்தொன்பது வருடமாக மொழிபெயர்த்து உழைத்தவன் நான். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், சென்ற வருடம் முதல் மெஷின் மொழிபெயர்த்ததை அனுப்பி "சும்மா ஒரு பார்வை பார்த்துத் தாருங்கள்" என்கிறது, பழைய கூலியில் கால்வாசிக்கு. சென்ற மாதம் வந்த ஒன்றில் 'அப்பீல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, மேன்முறையீடு என்று வர வேண்டிய இடத்தில், கவர்ச்சி என்று போட்டிருந்தது. விண்ணப்பதாரர்கள் தமது கவர்ச்சியை முப்பது நாளுக்குள் சமர்ப்பிக்க வேண்டுமாம். பெரியம்மாவை நினைத்துக்கொண்டு அதைத் திருத்தினேன். அரசாங்கப் பெயர்ப்பலகைகளில் மனிதர்கள் கொன்ற தமிழைவிட இது பரவாயில்லை என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். எழுதட்டும், அதில் உண்மையும் இருக்கிறது.

அந்த நிறுவனத்தில் முன்பு மாதச் சம்பளத்துக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதமும் பிள்ளைகள் 8 சதவீதமும் கட்டினார்கள், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் இன்னொரு 3. வயதுகாலத்தில் கையில் கிடைப்பது அதுதான். இப்போது அந்த வேலையைச் செய்யும் மெஷினுக்காக யார் 12 சதவீதம் கட்டுகிறார்கள்? பேச்சாளரின் படத்தில் இந்தக் கணக்கு எங்கே? கேட்டால், எல்லோருக்கும் அடிப்படை வருமானம் வரும் என்கிறார்கள். பின்லாந்து 2017இலும் 2018இலும் இரண்டாயிரம் பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது, இரண்டு வருடம் முடிந்ததும் நிறுத்திக்கொண்டது. பின்லாந்தே நிறுத்திய பணம் எங்கள் கோண்டாவிலுக்கு எந்த பஸ்ஸில் வரப்போகிறது?

நான் கணினிக்கு எதிரி இல்லை. இதைத் தட்டச்சுச் செய்வதும் கணினியில்தான், என் மகள் வாங்கி அனுப்பியது. அவளும் அந்தத் துறையில்தான் இருக்கிறாள், அந்தக் காணொளியை எனக்கு முதலில் அனுப்பியதும் அவள்தான், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகத்தோடு. நான் பதில் அனுப்பவில்லை. இந்தப் பதிவைப் பார்ப்பாள்.

அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என் உட்பெட்டிக்கு வாருங்கள். சும்மா கேட்கும் கேள்வி இல்லை அது, அவருக்கு ஏதோ ஒரு பட்டியலில் பெயர் விடுபட்டிருக்க வேண்டும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். திங்கட்கிழமை பெரியம்மாவோடு மறுபடியும் போகிறேன், அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். இந்த முறை மூக்குக் கண்ணாடியை நானே எடுத்து வைத்திருக்கிறேன்.