தளர்த்திய தேதியையும் பாருங்கள்
தொற்றுநோய்க் காலத்தில் மேலிருந்து ஒரே உத்தரவு வராவிட்டால் நகர நிர்வாகங்கள் போடும் கட்டுப்பாட்டால் பயனில்லை என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1918 இன்ஃப்ளூயன்ஸாவின்போது அமெரிக்காவில் முடிவெடுத்தது பெரும்பாலும் நகரங்கள்தான். பிலடெல்பியா செப்டம்பர் 28 அன்று முதல் உலகப் போருக்குப் பணம் திரட்டும் கடன் பத்திர ஊர்வலத்தைப் பிடிவாதமாக நடத்தியது. சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸ் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளி, தியேட்டர், தேவாலயம் எல்லாவற்றையும் மூடியது. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள், ஆனால் உச்சக்கட்ட இறப்பு விகிதம் பிலடெல்பியாவைவிட வெகு குறைவு. அதே செயின்ட் லூயிஸ் நவம்பரில் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் தொற்று மறுபடி ஏறி, திரும்பவும் மூட வேண்டியதாயிற்று. சான் பிரான்சிஸ்கோ கதையும் அதேதான்: நவம்பரில் விசில் ஊதி முகக்கவசத்தைக் கழற்றினார்கள், ஜனவரியில் மறுபடி மாட்டச் சொன்னார்கள்.