இடுப்பளவா, கழுத்தளவா?

போன வாரம் ஒரு பொது நீச்சல்குளத்து வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். அதற்குப் புது முத்திரை, பெயர்ப்பலகை, கோடை விடுமுறைக்குப் போஸ்டர் எல்லாம் செய்து தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. சேலத்தில் பதினெட்டு வருஷமாக டிசைன் வேலை பார்க்கிறேன். அவர்கள் கேட்டது நீல நிறம், அலை, துள்ளும் டால்பின், கண்ணாடி மாட்டிய வீரர் படம்.

நான் நின்ற நேரத்தில் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் வந்தார். பிள்ளைக்கு ஏழு வயசு இருக்கும். பலகையில் பதினான்கு விதிகள், சிவப்பு மை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏங்க, பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனி நேரம் இருக்குதுங்களா? சொல்லிக் குடுக்கறவங்க லேடீஸா? ஆழம் எவ்ளோங்க?" மூன்றுக்குமே பலகையில் பதில் இல்லை. நான் உள்ளே போய்க் கேட்டு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அந்த மூன்று கேள்வியும் அவற்றின் பதிலும்தான் என் போஸ்டர். டால்பின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆழத்தையே எடுத்துக்கொள்வோம். குளத்து விளிம்பில் "1.2 மீ" என்று எழுதியிருக்கிறது. பெரியவருக்கு அது நெஞ்சளவு. ஏழு வயசுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். நம் ஊரில் தண்ணீரை யார் மீட்டரில் அளந்தார்கள்? முழங்கால், இடுப்பு, கழுத்து, ஒரு ஆள், ரெண்டு ஆள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் பெரியப்பா கிணற்றில் நான் நீச்சல் பழகியபோது, "நாலாம் படிக்குக் கீழ ஆள் மட்டம்டா" என்றுதான் சொன்னார். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, இருவருக்கும் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று ஒரு கோடு. ஃபிளெக்ஸில் இல்லை, சுட்ட டைல்ஸில். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஜெர்மன் டிசைனர் ஓட்ல் ஐஷர் குழுவினர் வரைந்த விளையாட்டுக் குறிகள் எந்த மொழிக்காரருக்கும் புரிந்தன. படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் என் கோடு புரியவேண்டும்.

"குளித்துவிட்டே இறங்கவும்" என்ற விதியையும் மாற்றி எழுதுகிறேன். குளத்தில் மூக்கில் ஏறும் அந்த நெடிக்குக் குளோரின் மட்டும் காரணம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமைன்தான் முக்கியக் காரணம். இதைச் சொன்னால் அதட்டாமலே குளித்துவிட்டு வருவார்கள்.

இதெல்லாம் அழகுக்காக நான் பிடிக்கும் பிடிவாதம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். விகிதம் மிக அதிகம் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளிடம், அடுத்து 5 முதல் 9. நம் பக்கமும் லீவு விட்டால் ஏரிக்கும் கல்குவாரிக்கும் குளிக்கப் போகிற பிள்ளைகளை நினைத்தால் வயிறு பதறுகிறது. போஸ்டரைக் குளத்து வாசலில் ஒட்டி என்ன பயன்? ரேஷன் கடையில், பள்ளிக்கூட கேட்டில், தையல் கடையில் ஒட்டவேண்டும்.

முத்திரைக்கு நான் வரைந்திருப்பது சுரைப்புருடை. காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டிவிட்டுத்தான் பெரியப்பா என்னைக் கிணற்றில் இறக்கினார். அது மிதக்கிறது என்று முதுகு உணர்ந்த பிறகுதான் நான் அவர் கையை விட்டேன். நினைவிலிருந்து வரைந்ததில் கயிறு கட்டும் இடம் சரியாக வரவில்லை. யார் வீட்டுப் பரணிலாவது பழைய புருடை இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். சேலம் சுற்றுவட்டாரம் என்றால் நானே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.